அப்பாவோட இடிகம்பி

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டரை மணி இருக்கும். மல்லாட்டைக் காவலுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தேன். (பட்டணத்து நண்பர்களுக்கு: மல்லாட்டைன்னா வேர்க்கடலை. எங்க உத்திரமேரூர் பக்கம் ரெண்டு பேருமே புழங்கும்.) டார்ச்சைத் தேடிக்கிட்டு இருக்கும்போது போன் அடிச்சது. அமெரிக்காவுலேர்ந்து அக்கா மகன், வீடியோ கால். அங்க ஞாயித்துக்கிழமை காலை பத்து மணி. லீவு நாள்ல மாமன் ஞாபகம் வந்துடும் அவனுக்கு.

டெக்சாஸ்ல ஹூஸ்டன் பக்கம் இருக்கான். கம்ப்யூட்டர் வேலை. ரெண்டு வருஷம் முன்ன ஒரு கைத்துப்பாக்கி வாங்கினான். சனி ஞாயிறுல மைதானத்துல போய் காகிதத்துல வட்டம் போட்டு சுடறது, அவ்வளவுதான். அவங்கம்மாவுக்கு இது தெரியாது, எனக்குத் தெரியும். இதைப் படிச்சுட்டு யாரும் அக்காகிட்ட சொல்லிடாதீங்க.

"மாமா, புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன் பாருங்க"ன்னு போனைத் திருப்பினான். கார் நிறுத்தற கொட்டாயில ஒரு மேஜை. அதுல இரும்புல ஒரு கைப்பிடி மெஷினு, கரும்பு ஜூஸ் கடை மெஷினோட குட்டி மாதிரி. பக்கத்துல தராசு, ஒரு டப்பா நிறைய பித்தளைக் கூடு. தோட்டாவை வீட்டிலேயே நிரப்பறானாம். ரீலோடிங்னு பேரு.

"ஏன் மாப்ள, கடையில கெடைக்காதா?"

"கெடைக்கும் மாமா. ஒரு மணி நேரம் சுட்டா கூலிக்காரன் ஒரு நாள் சம்பளம் போயிடும். நாமளே நிரப்பினா கொறையும். சுட்ட கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்."

விதை நெல்லு எடுத்து வைக்கற கணக்குதான்னு எனக்குப் பட்டுது. தோட்டாவுல நாலே சாமான். பித்தளைக் கூடு, அது அடியில ஒரு கேப்பு, உள்ள மருந்து, முனையில குண்டு. சுட்டா குண்டு பூடும், மருந்து எரிஞ்சிடும், கேப்பு தீஞ்சிடும். கூடு மட்டும் காலடியில வந்து விழும். அதைப் பொறுக்கிட்டு வந்து, சோளக்கட்டையை அரைச்ச தூள்ல போட்டுக் குலுக்கி அழுக்கெடுக்கறான். (நாம மாட்டுக்கு அரைச்சுப் போடற அதே சோளக்கட்டை. அங்க டப்பாவுல அடைச்சு காசுக்கு விக்கறாங்க.) அப்பறம் அந்தக் கைப்பிடி மெஷினுல வச்சு ஒரு அழுத்து அழுத்தினா தீஞ்ச கேப்பு வெளிய விழுது. சுட்ட வேகத்துல விரிஞ்ச கூடு பழைய அளவுக்குச் சுருங்குது. புது கேப்பு, அளந்த மருந்து, புது குண்டு. வாயைக் கொஞ்சம் இறுக்கினா தோட்டா தயார்.

மருந்தை எப்படி அளக்கறதுன்னு கேட்டேன். "கிரெயின் கணக்கு மாமா. இந்தத் தோட்டாவுக்கு நாலு அஞ்சு கிரெயின்தான்." கிரெயின்னா தானியம்னு எனக்கும் தெரியும். அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் தானிய மணியை வச்சு எடை போட்டிருக்கான், நம்ம தட்டான் குன்றிமணி வச்சுத் தங்கம் நிறுத்த மாதிரி. ஒரு கிராமுக்கு பதினஞ்சு கிரெயினுக்கு மேல வரும். அப்ப அஞ்சு கிரெயின்னா கிராம்ல மூணுல ஒரு பங்கு. ஒரு சிட்டிகை உப்பு. அதுக்குள்ள ஒரு ஆளு உயிரு இருக்கு.

இதெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தேன். அவனும் பேசிக்கிட்டே இருந்தான். பேசிக்கிட்டே ஒவ்வொரு கூட்டுலயும் மருந்து கொட்டிக்கிட்டே இருந்தான். நடுவுல மழை உண்டான்னு கேட்டான், ஏரி ரொம்பிச்சான்னு கேட்டான், அவன் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு சுவர் வச்சாங்களான்னு கேட்டான்.

எனக்கு அடிவயித்துல என்னமோ பண்ணுச்சு.

"மாப்ள, இதுவரைக்கும் எத்தினி கூட்டுல போட்டிருக்க?"

சிரிச்சான். "முப்பதோ, முப்பத்தொண்ணோ."

"கையை எடுடா"ன்னு கத்திட்டேன். என் வீட்டுக்காரி அடுப்பாங்கரையிலேர்ந்து ஓடி வந்துட்டா. "எல்லாத்தையும் திருப்பி டப்பாவுல கொட்டு. போனை வை. போன்ல பேசிக்கிட்டு இந்த வேலை செய்யாத"ன்னு சொல்லிட்டு நானே கட் பண்ணிட்டேன். அவன் பயந்துட்டான். மாமன் இப்படிக் கத்தி அவன் பார்த்ததில்ல.

ஏன் கத்தினேன்னு அவனுக்குப் புதன்கிழமை சொன்னேன். அதை இங்கயும் எழுதிடலாம்னு தோணுச்சு. முப்பத்தெட்டு வருஷமா யாருகிட்டயும் சொல்லாதது.

எங்கப்பாகிட்ட ஒரு துப்பாக்கி இருந்தது. ஒத்தைக் குழல், வாய் வழியா மருந்து இடிக்கற நாட்டுத் துப்பாக்கி. லைசென்ஸ் உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்குன்னு கலெக்டர் ஆபீசுல கொடுத்தது. 1959 ஆயுதச் சட்டத்துலயே இது இருக்கு: வாய்வழி நிரப்பற துப்பாக்கியை நிஜமாவே பயிரைக் காக்கறதுக்காக ஒருத்தன் கேட்டா அவனுக்கு உரிமம் கொடுக்கலாம்னு. பழுப்பு அட்டை போட்ட சின்ன புத்தகம். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். (2019ல திருத்தம் வந்து இப்ப அஞ்சு வருஷம்.) தேர்தல் வந்தா துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடணும், முடிஞ்சப்பறம் போய் வாங்கிக்கணும். அப்பா சைக்கிள் பாருல துணி சுத்திக் கட்டி எடுத்துக்கிட்டுப் போவாரு. ஊரே வேடிக்கை பார்க்கும். எலெக்ஷன் தேதி எங்க தெருவுக்குத் தெரியறதே அப்பா துப்பாக்கியோட சைக்கிள் மிதிக்கறதை வச்சுதான்.

பன்னி அடிச்சாரான்னு கேக்காதீங்க. முக்கால்வாசி வெறும் சத்தம்தான். சாலவாக்கம், எடமச்சி பக்கம் காப்புக்காடு இருக்கு. அங்கேர்ந்து ராத்திரில எறங்கி வரும். காட்டுப்பன்னி மல்லாட்டையை மூக்கால உழுதுட்டுப் போற அழகைப் பார்த்தா டிராக்டர் வாடகையே வேணாம்னு இருக்கும். ஒரு சத்தம் போட்டா அன்னைக்கு ராத்திரிக்கு வராது.

அந்தத் துப்பாக்கிக்கு மருந்து போடறது ஒரு சடங்கு மாதிரி. பொழுது சாயற நேரம் திண்ணையில உக்காந்துதான் போடுவாரு. பீடி பிடிக்க மாட்டாரு. யாராவது பக்கத்துல பீடி பத்த வச்சா எழுந்து உள்ள போயிடுவாரு. மூங்கில்ல ஒரு அளவை செஞ்சு வச்சிருந்தாரு, கட்டை விரல் அளவுக்கு. அதுல கருமருந்து ஒரு அளவு குழலுக்குள்ள கொட்டுவாரு. மேல தேங்காய் நாரு உருட்டி வைப்பாரு. இடிகம்பியால இடிப்பாரு. வேணும்னா ரவை. அதும் மேல இன்னொரு நாரு. கேப்பு மட்டும் வைக்க மாட்டாரு. அது அவர் மடியில ஒரு தகர டப்பியில இருக்கும். கழனிக்குப் போய், பன்னி வர சத்தம் கேட்டப்பறம்தான் கேப்பு.

இடிகம்பியில அரத்தால ரெண்டு கோடு போட்டிருந்தாரு. கம்பியைக் குழலுக்குள்ள விட்டா, காலியா இருந்தா கீழ்க்கோடு இல்லாம மேல்க்கோடு வரைக்கும் முழுசா உள்ள போகும். மருந்து இருந்தா கீழ்க்கோட்டுலயே நின்னுடும். துப்பாக்கியைத் தொட்டா முதல்ல கம்பியை விட்டுப் பாரு, அப்பறம்தான் மத்ததுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தாரு. எனக்கு அப்ப பதினேழு வயசு. சட்டப்படி நான் அதைத் தொடவே கூடாது. லைசென்ஸ் அவர் பேர்ல. ஆனா கிராமத்துல விவசாயி மகன் தொடாத சாமான் எது?

1987, மல்லாட்டை பறிக்கறதுக்கு ரெண்டு வாரம் இருக்கும். அன்னைக்கு டூரிங் கொட்டாயில புதுப்படம். கூட்டாளிங்க தெருமுனையில நின்னு விசில் அடிச்சுக்கிட்டு இருக்காங்க. அம்மா சொன்னாங்க, அப்பா ஏரிக்கரைக்குத் தண்ணி திருப்பப் போயிட்டாரு, வந்ததும் காவலுக்குப் போகணும்னு. சரி, நாமளே மருந்து போட்டு வச்சுட்டா அப்பா திட்டாம படத்துக்கு விடுவாருன்னு நெனச்சேன். சுவர்ல சாத்தி இருந்தது. எடுத்தேன், ஒரு அளவை கொட்டினேன், நாரு, இடி, ரவை, நாரு. சாத்தி வச்சுட்டு ஓடிட்டேன்.

கம்பியை விட்டுப் பார்க்கல.

அப்பா தண்ணி திருப்பப் போறதுக்கு முன்னயே போட்டுட்டாரு. திரும்பி வந்து எடுத்துக்கிட்டுப் போனாரு. அவரும் கம்பியை விட்டுப் பார்க்கல. தானே போட்டதுதானேன்னு.

படம் பாதியில ஆள் அனுப்பினாங்க. கழனி மேட்டுல அப்பாவைக் கட்டில்ல தூக்கி வச்சிருந்தாங்க. குழல் நடுவுல வெடிச்சு, எடது கையில சுண்டு விரலும் மோதிர விரலும் இல்ல. கன்னத்துல கருமருந்து குத்தின புள்ளி. அது கடைசி வரைக்கும் போகல, பச்சை குத்தின மாதிரி இருந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில பதினாறு நாள்.

எங்க ஊர் பஸ் ஸ்டாண்டாண்ட அப்ப நரிக்குறவங்க நாலஞ்சு குடும்பம் தங்கும். பாசிமணி விக்கறவங்க. அந்த ஜனங்களுக்கு இந்த நாட்டுத் துப்பாக்கி நமக்கு மண்வெட்டி மாதிரி. (2022 டிசம்பர்ல நாடாளுமன்றத்துல சட்டம் நிறைவேத்தி அவங்களைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்த்தாங்க. ரொம்ப நாள் கேட்டுக்கிட்டு இருந்தாங்க.) அதுல ஒரு பெரியவர் அப்பாவுக்குப் பழக்கம். அப்பா வீட்டுக்கு வந்த மறுநாள் பார்க்க வந்தாரு. கிழிஞ்ச குழல் அப்ப இன்னும் வீட்லதான் இருந்தது, ஸ்டேஷனுக்குப் போகல. எடுத்து மடியில வச்சுக்கிட்டு விரலால தடவினாரு. எந்த எடத்துல உப்பியிருக்கு, எந்த எடத்துல கிழிஞ்சிருக்குன்னு பார்த்தாரு. அடியில கிழியல. அதுக்கு ஒரு ஜாண் மேல.

"சாமி, இது மருந்து கெட்டு வெடிச்சதில்ல. ரெண்டு தபா போட்டிருக்கு"ன்னாரு.

நான் கதவுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்ல. "நான்தான்பா. மறந்துபோய் ரெண்டாவது தபா போட்டுட்டேன்"ன்னாரு.

பெரியவர் ஒண்ணும் பேசல. போகும்போது என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாரு, அவ்வளவுதான். போலீஸ்காரங்ககிட்டயும் அப்பா அதையேதான் சொன்னாரு. மகன் போட்டான்னு சொன்னா என் மேலயும் கேஸ் வரும், லைசென்ஸ் இல்லாதவன் கையில கொடுத்தான்னு அவர் மேலயும் வரும். அதுக்காகத்தான் சொன்னாருன்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா அம்மாகிட்டயும் அதையேதானே சொன்னாரு. 2009ல சாகற வரைக்கும் மூணு விரலால மாட்டுக்குக் கயிறு போட்டாரு, ஒரு நாள் கூட அந்தப் பேச்சை எடுக்கல. நானும் எடுக்கல. சொல்லணும்னு நெனச்ச நாளெல்லாம் ஏதோ ஒரு வேலை வந்துடுச்சு.

இதைத்தான் மாப்ளகிட்ட சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசல. தாத்தா கன்னத்துப் புள்ளியை அவன் சின்னதுல தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கான்.

அப்பறம் அவன் ஒண்ணு சொன்னான். ஞாயித்துக்கிழமை நான் கத்தினப்பறம், மருந்து போட்டு வச்சதை ஒவ்வொண்ணா தராசுல கொட்டி நிறுத்தினானாம். ரெண்டு தடவை போட்டது ஒண்ணும் இல்ல. ஒரு கூட்டுல மருந்தே இல்ல.

அது நல்லதுதானேன்னேன். வெடிக்காது, அவ்வளவுதானே?

"இல்ல மாமா, அது இன்னும் மோசம்"னான். கேப்பு மட்டும் வெடிச்சு குண்டைக் குழலுக்குள்ள கொஞ்ச தூரம் தள்ளிட்டு விட்டுடுமாம். சத்தம் சின்னதா இருக்கும். சுடறவன் அதை கவனிக்காம அடுத்ததை சுட்டா, முன்ன மாட்டிக்கிட்ட குண்டுல இது போய் மோதி குழல் கிழிஞ்சிடும். ஆகமொத்தம் அதிகமா போட்டாலும் கிழியும், போடாம விட்டாலும் கிழியும். அந்தக் கணக்கு எனக்குப் புதுசு. கருமருந்துக்கும் இந்தப் புகையில்லா மருந்துக்கும் அது மட்டும் வித்தியாசமில்ல. கருமருந்து பல மடங்கு சாது. அப்பாவோட மூங்கில் அளவைக்கு அந்த அமெரிக்க மருந்தைப் போட்டிருந்தா விரலோட போயிருக்காது.

ஆரம்பிக்கறவங்களுக்கு அங்க என்னென்ன சொல்றாங்கன்னு கேட்டேன். எல்லாம் கேட்ட மாதிரியே இருந்தது. மேஜை மேல ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும், ரெண்டு ரகம் இருந்தா மாறிப்போகும். பீடி சிகரெட் கூடாது. ஈயம் தொட்ட கையோட சாப்பிடக் கூடாது. மருந்து கம்பெனிக்காரன் புத்தகத்துல போட்டிருக்கற உச்ச அளவுக்குப் போகாம, ஆரம்ப அளவுலேர்ந்து மெல்ல ஏறணும். பக்கத்து வீட்டுக்காரன் சொன்ன அளவை நம்பக் கூடாது. வேகமா பண்ற மெஷின் வேணாம், ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் செய்யற மெஷின்ல ஆரம்பிக்கணும். மருந்து போட்ட கூட்டையெல்லாம் ஒரு பலகைக் குழியில வரிசையா நிக்க வச்சு, குண்டு வைக்கறதுக்கு முன்ன டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணையும் எட்டிப் பார்க்கணும். இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது: ஒரு அளவு போட்டாலே கூட்டுல பாதிக்கு மேல ரொம்பற மாதிரி பருமனான மருந்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்றாங்களாம். மறந்து ரெண்டாவது தடவை போட்டா பொங்கி வெளிய வழிஞ்சிடும், கண்ணுல பட்டுடும்.

டார்ச்சும் பலகையும்தான் அவங்களோட இடிகம்பிக் கோடு. இவ்வளவும் அவனுக்குத் தெரிஞ்சிருந்தது. தெரிஞ்சுதான் போன்ல பேசிக்கிட்டு போட்டான். எனக்கும்தான் கோடு தெரிஞ்சிருந்தது.

இங்க இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சுட்டு நாமளும் செய்யலாம்னு நெனச்சா, வேணாம். அங்க சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசு லைசென்ஸ் தேவையில்ல, விக்கறதுக்குத்தான் வேணும். நம்ம நாட்டுல ஆயுதச் சட்டம் 5வது பிரிவுல தோட்டா தயாரிக்கறதுக்கே தனி உரிமம் வேணும். துப்பாக்கி லைசென்ஸ் இருந்தாலும் எத்தினி தோட்டா வாங்கலாம்னு அந்தப் புத்தகத்துலயே எழுதியிருக்கும். மாப்ள வச்சிருக்கற 9 எம்.எம். ரகத்தை இங்க சாதாரண ஆள் வச்சுக்கவே முடியாது, தடை செஞ்ச ரகம்.

துப்பாக்கி இல்லாததனால எங்க பக்கம் என்ன நடக்குதுன்னும் சொல்லணும். பழைய சேலையைக் கழனி சுத்திக் கட்டறோம். உத்திரமேரூர் பக்கம் வந்தா கலர் கலரா வேலி பார்ப்பீங்க, அது அழகுக்கில்ல. சலூன்லேர்ந்து முடி வாங்கிட்டு வந்து வரப்புல தூவறோம். ஒரு மாசம் பயப்படும், அப்பறம் பன்னிக்குப் பழகிடும். சில பேரு திருட்டுத்தனமா கம்பி கட்டி கரண்டு விடறாங்க. பன்னி சாகுதோ இல்லையோ, தண்ணி பாய்ச்சப் போற மனுஷன் சாகறான். மேற்கு மாவட்டங்கள்ல அவுட்டுக்காய்னு தீனிக்குள்ள வெடிமருந்து வச்சுக் கட்டறாங்க. மாடு கடிச்சு வாய் கிழியுது. 2020ல கேரளாவுல பாலக்காடு பக்கம் சினையா இருந்த யானை இந்த மாதிரி வெடியில வாய் புண்ணாகி தண்ணியில நின்னே செத்துதே, நாடே பேசுச்சு. அந்த வெடி வைக்கறவனும் மருந்தைக் கையால அளக்கறவன்தான். அவனுக்குக் கம்பியும் இல்ல, கோடும் இல்ல.

2025 ஜனவரியில நம்ம அரசாங்கம் ஒரு முடிவு சொன்னாங்க. காப்புக்காட்டுலேர்ந்து மூணு கிலோமீட்டர் தாண்டி வர்ற காட்டுப்பன்னியை வனத்துறைக்காரங்களே சுடலாம், காட்டை ஒட்டின ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது, நடுவுல இருக்கறதைப் பிடிச்சுக் காட்டுல விடணும்னு. என் கழனி அந்த நடுவுலதான் வருது. பன்னி அளந்துக்கிட்டு வராது. இருந்தாலும் விவசாயி கையில திரும்பத் துப்பாக்கி கொடுக்கணும்னு சங்கத்துல சில பேரு பேசும்போது நான் கை தூக்கறதில்ல. ஏன்னு கேட்டவங்களுக்கு இதுதான் பதில்.

துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போச்சு, லைசென்ஸ் ரத்தாச்சு. இடிகம்பி மட்டும் அன்னைக்கு ராத்திரி கழனியில எங்கயோ விழுந்துடுச்சு. மூணு வருஷம் கழிச்சு ஏர் ஓட்டும்போது கொழுவுல மாட்டி வந்தது. துரு ஏறி இருந்தாலும் ரெண்டு கோடும் விரலுக்குத் தெரியுது. இப்ப அது மாட்டுக் கொட்டாயில அரிக்கேன் மாட்டற கம்பியா இருக்கு. அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான் மாப்ள. அனுப்பினேன். அந்தக் கொட்டாயில மேஜைக்கு மேல ஒட்டி வச்சிருக்கானாம்.

பறிப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. டார்ச்சுல பேட்டரி எறங்கிடுச்சு, கடை மூடறதுக்கு முன்ன போய் வாங்கணும். பன்னி நேத்தும் வந்துட்டுப் போயிருக்கு, கெழக்கு வரப்பு ஓரமா நாலு பாத்தி.